கூட்டி வந்தவர்

தராசுக்காரர் தானாகவே வந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆண்கள் முன்காப்பு நல மையத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை நின்றது. 'ஆணே, நீ வரமாட்டாய் என்று எங்களுக்குத் தெரியும்' என்று அதில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கினால் தெரிகிற அளவில், வேலை நேரம். தராசுக்காரர் இரண்டையும் படித்துவிட்டு, நேரம் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு உள்ளே நுழைந்தார். வாசல் காவலாளி அவரைத் தடுக்கவில்லை. உள்ளே போகிறவர்களைக் கவனிப்பது அவன் வேலை இல்லை. வெளியே ஓடுகிறவர்களைப் பிடிப்பதற்காக அமர்த்தப்பட்டவன் அவன். பள்ளிக்கூட நாளில் நானூறு மீட்டரில் பரிசு வாங்கியவன் என்பதால் கிடைத்த வேலை.

தராசுக்காரருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். யாராவது அவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பிரஷர் எவ்வளவு என்று சொல்லவேண்டும். மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் பின்மண்டையில் ஒரு கனம். பல் தேய்த்து முடிக்கும்வரை இருக்கும், பிறகு ஒன்றும் தெரியாததுபோலப் போய்விடும். அவருடைய அப்பாவும் தராசு பழுதுபார்ப்பவர்தான். அப்பாவுக்கும் அதே இடத்தில் அதே கனம் இருந்தது. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்லிச் சொல்லியே ஐம்பத்தொரு வயதில், கையில் இரண்டு கிலோ படிக்கல்லைப் பிடித்தபடி, பட்டறையில் சாய்ந்தார். மகனுக்கு வருகிற மாதம் ஐம்பத்தொன்று.

ஊரில் இருக்கிற தராசையெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்க்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஆளைச் சரிபார்க்க ஒரு சட்டமும் இல்லை. இதை யோசித்துவிட்டுத்தான் அவர் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். சீட்டு கொடுக்கிறவர் என்ன நோய் என்று கேட்டார். தெரியவில்லை, அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார் இவர். தெரிந்ததும் வாங்க என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார் அவர். தெருமுனை மருந்துக்கடையில் ஒரு கருவி இருந்தது. பத்து நிமிடத்தில் மூன்று தடவை போட்டதில் மூன்று கணக்குக் காட்டியது. சரிபார்ப்புச் சீட்டு ஒட்டாத கருவியைத் தொழில்காரர் எப்படி நம்புவார்? கடைசியாக யாரோ சொல்லித்தான் இந்த மையம்.

வரவேற்பில் இருந்த பெண் புதிய படிவம் ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்தாள்.

"யாரு கூட்டிட்டு வந்தாங்க?"

"யாரும் இல்லம்மா. நானே வந்தேன்."

அவள் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வண்டிய நிறுத்தப் போயிருக்காங்களா?"

"நடந்துதான் வந்தேன். தனியா."

அவள் பேனாவை மூடிவிட்டாள். படிவத்தில் பெயருக்கு முன்பே வருகிற முதல் கட்டம் அதுதான் என்று விளக்கினாள். 'கூட்டி வந்தவர்: மனைவி, மகள், சகோதரி, தாய், மேலதிகாரி, ஆம்புலன்ஸ்.' இதில் ஒன்றைத் தொட்டால்தான் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகும். 'தானே' என்று ஒரு வகை கிடையாது. ஏழு வருஷத்தில் தேவைப்பட்டதில்லை. வேண்டுமானால் ஆம்புலன்ஸ் என்று போடலாம், ஆனால் அதற்கு அவர் படுத்துக்கொண்டு வரவேண்டும். கொஞ்ச நேரம் உட்காருங்கள், பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

பெஞ்சில் ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மணிக்கட்டை அவருடைய மனைவி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். போகிற வருகிற ஊழியர்கள் எல்லாம் அந்த மீசைக்காரருக்கு மரியாதையாக வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். நான்கு முறை கூட்டிவரப்பட்டு நான்கு முறையும் ஓடியவர். மையத்தில் அவருக்கு ஓட்டக்காரர் என்று பெயர். ஆண்டறிக்கையின் அட்டையில் அவர் படம்தான், முதுகுப் பக்கமாக.

தராசுக்காரர் அந்த அம்மாளிடம் உள்ளே என்ன செய்வார்கள் என்று விசாரித்தார். அவள் பிடியைத் தளர்த்தாமல் சொன்னாள். முதலில் வற்புறுத்துவார்களாம். பிறகு நர்ஸ் பிரஷர் பட்டையைக் கொண்டுவருவாளாம். ஆண்களுக்குப் பட்டையைப் பார்த்தாலே பயம் என்பதால், வலிக்காது என்று காட்டுவதற்கு, கூட்டி வந்தவருக்கு முதலில் போட்டுக் காட்டுவது இங்கே வழக்கமாம்.

"எனக்கு நாலு தடவ பாத்தாச்சு. நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு. நாலு தடவையும் அதேதான். எனக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள இந்த மனுஷன் வாசலத் தாண்டிடறாரு."

ஓட்டக்காரர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மையத்தில் மொத்தம் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். வற்புறுத்தல் பிரிவில் ஒன்பது பேர், மறுப்பு ஆய்வுப் பிரிவில் மூன்று பேர், இயக்குநர் ஒருவர், நர்ஸ் ஒருத்தி. காவலாளி கணக்கில் வரமாட்டான், அவன் விளையாட்டு ஒதுக்கீடு. டாக்டர் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. ஆனால் அவசரம் இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

தராசுக்காரரை வற்புறுத்தல் அலுவலரிடம் அனுப்பினார்கள். பருத்த உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஒரு கையில் உப்புக்கடலைப் பொட்டலம், மறுகை அடிக்கடி பிடரிக்குப் போய் அங்கேயே தடவிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய அட்டவணை. ஆண்கள் சொல்லும் சாக்குகள், எண் போட்டு, முப்பத்தொன்று. ஒன்று, நேரமில்லை. மூன்று, எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். பதினொன்று, எங்கப்பா கடைசி வரைக்கும் ஊசியே போட்டதில்ல. பத்தொன்பது, டாக்டர்கிட்ட போனாத்தான் நோயே வரும். இருபத்திநாலு, அடுத்த வாரம் பாக்கலாம். முப்பத்தொன்று, மௌனம். மூன்றாம் எண்ணைப் படித்தபோது தராசுக்காரருக்கு அப்பாவின் குரலே காதில் விழுந்தது.

"நேரமில்லன்னு சொல்லப் போறீங்க," என்று ஆரம்பித்தார் அலுவலர்.

"நேரம் இருக்கு சார். இன்னிக்குப் பட்டறைக்கு லீவு விட்டுட்டேன்."

"குறுக்க பேசாதீங்க. நேரமில்லன்னு சொல்லப் போறீங்க. ஆனா ஒரு நாளைக்கு முப்பது நிமிஷம் நடக்கக்கூடவா நேரமில்ல?"

தினமும் ஒரு மணி நேரம் நடப்பதாகத் தராசுக்காரர் சொன்னார். அலுவலர் ஒரு காகிதத்தில் கோடு போட்டு அடித்தார். உப்பைக் குறைக்கவேண்டும் என்று வாயில் கடலையைப் போட்டபடி சொன்னார். குறைத்தாயிற்று என்றார் இவர். இன்னொரு கோடு. தூக்கம்? பத்து மணிக்குப் படுத்துவிடுவார். மது? பழக்கம் இல்லை. அலுவலர் நாற்காலியில் நிமிர்ந்தார். கடைசி நம்பிக்கையாகப் புகையைக் கேட்டார்.

"இருந்துச்சு சார். விட்டுட்டேன்."

"யாரு விட வச்சாங்க?"

"நானேதான்."

"எல்லாத்தையும் நீங்களே பண்ணிக்கிட்டா அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"பிரஷர மட்டும் நானே பாத்துக்க முடியல சார்."

அலுவலர் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, அக்கறையோடுதான் விளக்கினார். இது மறுக்கிற ஆண்களுக்கான மையம். மறுப்பவரை வற்புறுத்துவது, வற்புறுத்தி இணங்க வைப்பது, இணங்கியவரைச் சோதிப்பது என்று மூன்று படி. முதல் படியில் கால் வைக்காதவரை மூன்றாம் படியில் ஏற்ற முடியாது. இந்த வளாகத்துக்குள் வைத்து மூன்று முறை மறுக்கிற எந்த ஆணும் பயனாளி ஆவான், அவன் யாராக இருந்தாலும் சரி. அந்த விதியைத் தானே எழுதியதாகச் சொன்னபோது அவர் குரலில் ஒரு தகப்பனின் பெருமை இருந்தது. தராசுக்காரர் ஒருமுறைகூட மறுக்கவில்லை. எதிர்ப்பு மதிப்பெண் பத்துக்குப் பூஜ்யம்.

தராசுக்காரர் மறுபடியும் கேட்டார். பட்டையைச் சுற்ற இரண்டு நிமிடம்தானே ஆகும், நர்ஸ் அதோ அந்த அறையில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள் என்றார். இது தன் அதிகாரத்துக்கு மீறியது என்று அலுவலர் அவரை இயக்குநரிடம் அழைத்துப்போனார். ஒரே ஒரு மாடி. லிப்டுக்காக ஏழு நிமிடம் காத்திருந்தார்கள். லிப்டுக் கதவில் 'படியேறுங்கள், இதயம் வாழ்த்தும்' என்று ஒட்டியிருந்தது.

இயக்குநர் எழுந்து நின்று பேசினார். கேட்பது ஒருவர்தான் என்றாலும் அவருக்கு உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை.

"இந்த மையம் தொடங்கப்பட்டபோது, நம் ஊர் ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பரிசோதனைக்கு வர மறுத்தார்கள். ஏழாண்டுக் கால ஓயாத உழைப்பின் பயனாக, இன்று அந்தத் தொண்ணூற்றாறு பேரும் எதனால் மறுக்கிறார்கள் என்பதை முப்பத்தொரு தலைப்புகளில் நாங்கள் வகைப்படுத்தியிருக்கிறோம். முப்பத்திரண்டாவதைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நாளைக்கே எல்லா ஆண்களும் உங்களைப்போலத் தாமாக வந்து கையை நீட்டிவிட்டால், இந்த உழைப்புக்கு என்ன பொருள்? ஒன்பது வற்புறுத்துநர்கள் யாரை வற்புறுத்துவார்கள்? நீங்கள் ஒரு நல்ல குடிமகனாகத் தெரிகிறீர்கள். போய் மறுத்துவிட்டு வாருங்கள்."

தராசுக்காரர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்பது பாதித் தெரு நடந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த துணியை மேசையில் வைத்தாள். ஆயத்த ஆடைப் பட்டறையில் துணி வெட்டுகிறவள். எதையும் அளந்துதான் வெட்டுவாள்.

"மறுக்கணும், அவ்வளவுதானே? நாள மறுநாள் நானே இழுத்துட்டுப் போறேன். எங்க, இப்ப சொல்லிக் காட்டுங்க. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

அவர் சொல்லிக் காட்டினார். பலசரக்குப் பட்டியல் வாசிப்பதுபோல இருந்தது. கண்ணை உருட்டுங்க என்றாள். உருட்டினார். தூசு விழுந்ததுபோல இருந்தது. உங்க அப்பா எப்படிச் சொல்லுவாரு, அதுமாதிரி சொல்லுங்க என்றாள் கடைசியில். அவர் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, கையை ஒரு வீசு வீசி, "போம்மா, எனக்கென்ன" என்றார். அச்சு அசலாக வந்துவிட்டது. மனைவி எழுந்துபோய்த் துணியை மடித்து வைத்தாள். ஒத்திகை போதும் என்றாள்.

மறுநாள் விட்டு மறுநாள் அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைய வாசலுக்கு வந்தாள். முதல் முயற்சியில் அவர் அவளுக்கு முன்னால் நடந்துவிட்டார். காவலாளி அனுதாபத்தோடு, வெளியே போய் மறுபடி வாங்க, அம்மா முன்னாடி வரணும் என்றான். வந்தார்கள். கூட்டி வந்தவர், மனைவி. கணினி அடுத்த பக்கத்துக்குப் போனது. வரவேற்புப் பெண் மனதார வாழ்த்தினாள்.

நர்ஸ் பட்டையோடு வந்தாள். வழக்கப்படி மனைவிக்குப் போட்டுக் காட்டினாள். நூற்றிப்பதினாறு, எழுபத்திநாலு. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வற்புறுத்தல் அலுவலர் பேனாவும் அட்டையுமாகப் பக்கத்தில் நின்றுகொண்டு, "உங்களுக்கும் பாத்துரலாமா?" என்றார்.

"வேணாம். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்," என்றார் தராசுக்காரர்.

அலுவலர் முகம் மலர்ந்தது. எதிர்ப்பு மதிப்பெண் மூன்று என்று எழுதினார். உடல்நலத்தைப் பற்றி ஒரு பத்தி பேசினார். மறுபடியும் கேட்டார். நேரமில்ல சார், அடுத்த வாரம் பாக்கலாம் என்றார் தராசுக்காரர். ஒரே வாக்கியத்தில் இரண்டு சாக்கு. அலுவலர் ஆறு என்று எழுதினார். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் பட்டையைப் பிரித்துக்கொண்டு ஓரடி கிட்டே வந்தாள். தராசுக்காரரின் வாய் பத்தொன்பதாம் எண்ணைச் சொல்லத் தொடங்கியிருந்தது. ஆனால் கை அதுபாட்டுக்கு நீண்டுவிட்டது. நீண்ட கையில் சட்டை முழங்கைக்கு மேலே மடித்துவிடப்பட்டிருந்தது. வீட்டிலேயே மடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அலுவலர் அந்த மடிப்பை நெடுநேரம் பார்த்தார். நேர்த்தியாக, நான்கு விரல் அகலத்தில், மூன்று மடிப்பு. மறுக்கிற ஆண் இப்படி மடிக்கமாட்டான். எழுதிய ஆறைச் சுழித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'போலி மறுப்பு' என்று எழுதினார். மையத்தின் வரலாற்றிலேயே முதல் வழக்கு. ஆறு மாதத்துக்கு இந்த ஆளைப் பயனாளியாக ஏற்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. உண்மையாக மறுக்கிற ஆண்கள் வெளியே எத்தனையோ பேர் இருக்க, அவர்களுடைய இடத்தை இவர் அபகரிக்கப் பார்த்ததாக இயக்குநர் கையெழுத்துப் போட்ட கடிதம் அடுத்த நாள் வீட்டுக்கு வந்தது.

ஆறு மாதம். தராசுக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறந்தநாளுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அன்று காலை கனம் முகம் துடைத்த பிறகும் போகவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் டம்ளரை வைத்த விதத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இதற்குப் பத்து நாள் கழித்து, பட்டறைக்கு அதே மையத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. மேலிடத்து ஆய்வு வரப்போவதால் மையத்தின் எடை இயந்திரத்தை உடனே சரிபார்த்துச் சீட்டு ஒட்டித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கடிதத்தில் இயக்குநரின் அதே கையெழுத்து. தராசுக்காரர் படிக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பயனாளிகள் வாசலில் அவரைத் தடுக்க ஆணை இருந்தது. பழுதுபார்ப்பவர்களுக்குப் பக்கவாட்டு வாசல். அங்கே வணக்கம் சொல்லி உள்ளே விட்டார்கள்.

இயந்திரம் நர்ஸ் அறையில் இருந்தது. படிக்கல்லை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்ததில் சரியாக நான்கு கிலோ கூடக் காட்டியது. திருகைத் தேடி ஸ்க்ரூடிரைவரை எடுத்த நேரம் வற்புறுத்தல் அலுவலர் ஓடிவந்தார். லிப்ட் ஓடவில்லை, இயக்குநர் அறையிலிருந்து படியிறங்கி வந்திருக்கிறார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த நான்கு கிலோ வேண்டுமென்றே வைத்தது, அதைத் தொடாதீர்கள் என்றார் இரைப்புக்கு நடுவே. நான்கு கிலோ கூடக் காட்டினால்தான் ஆண்கள் பயப்படுகிறார்கள். ஏழு வருஷப் புள்ளிவிவரமும் அதன்மேல்தான் நிற்கிறது. தராசுக்காரர் சட்டத்தைச் சொன்னார். சொல்லும்போதே அலுவலரின் கை பிடரிக்குப் போவதைப் பார்த்தார். அதே இடம். விரல்கள் அழுத்துகிற விதம்கூட அதேதான்.

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"காலைல எழுந்ததும் அங்க கனமா இருக்கா சார்?"

"தூக்கம் பத்தல, அதான்."

"எத்தன மாசமா?"

"ஆறேழு மாசம் இருக்கும். எதுக்குக் கேக்கறீங்க?"

"பிரஷர் பாத்தீங்களா?"

அலுவலர் சிரித்தார். தொழில் முறையில் அவர் கேட்கிற கேள்வி, அவரிடமே திரும்பி வந்தது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"எனக்கா? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"மூணு," என்றாள் நர்ஸ்.

அவள் மேசைக்குப் பின்னால் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாக ஓர் ஆணின் கையில் பட்டையைச் சுற்றியதில்லை. மனைவிமார், மகள்மார் பிரஷரைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தாள்.

"இல்ல, பாத்துட்டா நல்லதுதானே சார்," என்றார் தராசுக்காரர். "அதோ கருவி, இதோ கை."

"ஆய்வு வர்ற நேரத்துல அதுக்கெல்லாம் ஏதுய்யா நேரம்? அடுத்த வாரம் பாக்கலாம்."

"ஒண்ணு, இருபத்திநாலு," என்றாள் நர்ஸ். எழுந்து ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தடவை ஆகிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்றாள். வளாகத்துக்குள் வைத்து மூன்று முறை மறுக்கிற எந்த ஆணும், அவன் யாராக இருந்தாலும் சரி. விதி நீங்க எழுதினதுதானே சார் என்று நினைவுபடுத்தினாள். அலுவலர் வாயை மூடிக்கொண்டு முப்பத்தொன்றாம் எண்ணுக்குப் போனார். அதையும் மூன்றாவது மறுப்பாக அவள் குறித்துக்கொண்டாள். எதிர்ப்பு மதிப்பெண் பத்துக்குப் பத்து. ஓட்டக்காரருக்கே ஒன்பதுதான்.

"கூட்டி வந்தவர் யாருன்னு போட?" என்றாள்.

தராசுக்காரர் தயங்கினார். தனக்கு ஆறு மாதம் தடை இருக்கிறதே என்றார். பயனாளிக்குத்தான் தடை, கூட்டி வருபவருக்கு இல்லை என்றாள் அவள். மீதியெல்லாம் பெண்களும் ஆம்புலன்ஸும் என்பதால் மேலதிகாரி என்ற கட்டத்தைத் தொட்டாள், கணினி ஏற்றுக்கொண்டது. பிறகு ஏழு வருஷப் பழக்கத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், பட்டையைப் பிரித்துக் கூட்டி வந்தவர் பக்கம் திரும்பினாள்.

"வலிக்காதுன்னு முதல்ல உங்களுக்குப் போட்டுக் காட்டுறேன். கைய நீட்டுங்க."

நீட்டினார். சட்டை மடித்துத்தான் இருந்தது, வேலை செய்கிறவர் சட்டை அப்படித்தான் இருக்கும். நர்ஸ் காற்றை அடித்தாள், இறக்கினாள். மறுபடியும் அடித்து இறக்கினாள். அவள் முகத்திலிருந்து வேடிக்கை போய்விட்டது.

"நூத்தி எழுபத்தாறு, நூத்தி எட்டு. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தாள். தராசுக்காரர் அந்த எண்ணைப் பார்த்தார். பயம் வரவேண்டும். வந்ததுதான். ஆனால் பயத்துக்கு முன்னால், எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்துவிட்ட தராசைப் பார்க்கிற நிம்மதி வந்தது. கூடக் காட்டுகிறது என்று தெரிந்தால் திருகைத் தேடலாம்.

பட்டை கழற்றப்பட்டதும் அலுவலர் சட்டென்று சுறுசுறுப்பானார். இந்த நிலைமையில் இருக்கிற ஒருவரைத் தனியாக அனுப்புவது மையத்தின் கொள்கைக்கே விரோதம் என்றார். ஆண் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான், பாதி வழியில் திரும்பிவிடுவான், அதற்குத்தானே இந்த மையமே இருக்கிறது. நானே கூட்டிப்போகிறேன் என்று தராசுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார். உங்களுக்கு இன்னும் பார்க்கலையே சார் என்றாள் நர்ஸ். கூட்டிப்போகிறவருக்கு எதற்கு என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் பக்கவாட்டு வாசலைத் தாண்டிவிட்டார். காவலாளி பார்த்தான். ஆனால் அவர் ஓடவில்லை, ஒருவரை இழுத்துக்கொண்டு வேகமாக நடக்கிறார். அதற்கு விதியில் இடம் இருந்தது.

வழியில் தராசுக்காரர் மனைவிக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னார். போனில் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, வந்துட்டே இருக்கேன், யாரு கூட இருக்காங்க என்று கேட்டாள். சொன்னார். அந்தாளுக்குப் பாத்தாங்களா என்று கேட்டாள். அறைக்குள்ளே கால் வைத்த அன்றே அந்தக் கை பிடரியில் இருந்ததை அவளும் பார்த்திருக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அதே சீட்டு கொடுக்கிறவர். என்ன நோய் என்றார் தலை தூக்காமல். நூற்றி எழுபத்தாறு, நூற்றி எட்டு என்றார் தராசுக்காரர். சீட்டு வந்தது. அலுவலர் பின்னாலேயே நின்று, "நாந்தான் கூட்டிட்டு வந்தேன்," என்று கேட்காமலேயே சொன்னார். வரிசையில் நின்றவர்களிடமும் சொன்னார். ஏழு வருஷத்தில் அவர் ஆஸ்பத்திரிவரை கொண்டுவந்து சேர்த்த முதல் ஆண் இவர்தான். பேசிக்கொண்டே பிடரியைத் தேய்த்துக்கொண்டார்.

முறை வந்ததும் ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, "கைய நீட்டுங்க," என்றாள். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.

தராசுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் நிற்கிற அலுவலரைப் பார்த்தார். கழுத்துக்கு மேலே சிவந்திருந்தது, நெற்றிப் பொட்டில் ஒரு நரம்பு தடித்திருந்தது. பிறகு குனிந்து, தன் சட்டைக் கையின் மூன்று மடிப்பையும் ஒவ்வொன்றாக இறக்கினார். மணிக்கட்டில் பொத்தானைப் போட்டார். கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"பயமா இருக்கு சிஸ்டர்."

"பிரஷர் பாக்கறதுக்கா? அஞ்சு வயசுப் பிள்ளையா நீங்க?"

"எனக்கு வேணாம். வலிக்கும்." கண்ணை உருட்டினார். இந்த முறை தூசு விழுந்ததுபோல இல்லை. "கூட்டிட்டு வந்தவருக்கு முதல்ல போட்டுக் காட்டுங்க. அப்பத்தான் எனக்குத் தைரியம் வரும்."

அலுவலருக்கு வாய் திறந்தது. இது நடிப்பு என்று அவருக்குத் தெரிந்தது. போலி மறுப்பு என்று சிவப்பு மையில் எழுதியவர் அவர். அதை இங்கே யாரிடம் சொல்வது?

"அதெல்லாம் எதுக்கு? எனக்கென்ன, கல்லு மாதிரி..."

"மூணு," என்றார் தராசுக்காரர்.

"சார், ரெண்டு நிமிஷம் உக்காருங்க, வெளிய ஆள் நிக்கறாங்க," என்றாள் நர்ஸ். கையைப் பிடித்து உட்காரவைத்து, இஸ்திரி மடிப்பு கலைய சட்டையை மேலே தள்ளி, பட்டையைச் சுற்றிவிட்டாள். அலுவலர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பேசாதீங்க சார், முள்ளு ஆடுது என்றாள். அவர் வாயை மூடினார். காற்று உஸ்ஸென்று இறங்கியது.

தராசுக்காரர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க முள் பார்த்தவர். துடிக்கத் தொடங்கிய இடத்தைப் பார்த்தார். தன்னுடையதைவிட மேலே.

நர்ஸ் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். உள்ளே திரும்பி ஸ்ட்ரெச்சர் கேட்டாள். பிறகு பேனாவை எடுத்து, புதிய சீட்டு ஒன்றை மேசையில் வைத்தாள்.

"இவர யாரு கூட்டிட்டு வந்தது?"

தராசுக்காரர் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை மறுபடியும் மடிக்கத் தொடங்கினார்.

"நாந்தான்."